முக்கு வரைக்கும்

ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு நாங்கள் குடிவந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மத்தியானம், எங்கள் தெருவில் இருந்த ஒரு டீச்சர் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நானும் என் மனைவியும் போனோம். எங்களுக்கென்று தனியாகச் சைவம் சமைத்து வைத்திருந்தார். கிறிஸ்துமஸ் பலகாரமான குல்குல் ஒரு டப்பா நிறையக் கட்டிக் கொடுத்தார். நாங்கள் சொல்லிக்கொண்டு எழுந்ததும் அவரும் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"முக்கு வரைக்கும் வரேன்," என்றார்.

அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் பதினோரு கேட்டுகள். ஐந்தாவதிலேயே தெருமுக்கு வந்துவிடும். வந்தது, டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. என் மனைவியோடு பேசிக்கொண்டே எங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டார். "பாவம், இந்த வெயில்ல தனியாப் போவாங்க. கொண்டுபோய் விட்டுட்டு வந்துடலாம்," என்றாள் என் மனைவி. போனோம். அவர் வாசலில் விட்டுவிட்டு நாங்கள் திரும்பினால், "சரி, முக்கு வரைக்கும் வரேன்" என்று மறுபடியும் கூடவே வந்தார். மறுபடியும் நாங்கள் கொண்டுபோய் விட்டோம். மூன்றாவது தடவை அவர் எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, நான் கேட்டை உள்பக்கமாகப் பூட்டி, சாவியைத் தூக்கிக் காட்டினேன்.

"பூட்டியாச்சு டீச்சர். இனிமே நாங்க வெளியில வர முடியாது. நீங்க போலாம்."

சிரித்துக்கொண்டே போனார். அவர் முக்கில் திரும்பும் வரைக்கும் என் மனைவி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல மனுஷி," என்றாள்.

"நல்ல மனுஷிதான். சாப்பிட்ட வயித்தோட அம்பத்தஞ்சு கேட்டு தாண்ட வெச்சுட்டாங்க."

"எண்ணினீங்களா?"

"பின்ன?"

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெருவில் யாரும் பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் டீச்சர், பிள்ளைகளுக்கு மிஸ். கொஞ்சம் குட்டை. ஒரு பக்கம் கம்பி நெளிந்த குடை ஒன்று எந்தக் காலத்திலும் கையில் இருக்கும். அவர் இறந்து நான்கு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் கையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ அவர்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தார்களா என்று சாயங்காலம் வரை மனசு அடித்துக்கொண்டே இருக்கிறது.

விருந்தாளிகளை மட்டும்தான் அவர் கொண்டுபோய் விட்டார் என்று நினைக்க வேண்டாம். சிலிண்டர் போட வந்தவனோடு முக்கு வரை போவார். மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆளோடு பேசிக்கொண்டே அடுத்த நான்கு வீட்டுக்கும் போய், நான்கு வீட்டு மீட்டரையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சர்ச் முடிந்து வயதான ஓர் அம்மாளை பஸ் ஏற்றிவிடப் போனவர், பஸ்ஸுக்குள்ளேயே ஏறி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கி நடந்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. ஒருமுறை கேட்டே விட்டேன். "வாசல்ல நின்னு ஒரு டாட்டா காட்டினா ஆகாதா டீச்சர்?"

"அது எனக்கு வராது சார். கையைத் தூக்கினாலே அழுகை வந்துடும். நடந்துட்டா ஒண்ணும் தெரியாது."

பக்கத்தில் இருந்த ஒரு பள்ளியில் அவர் வருடக்கணக்காகப் பத்தாம் வகுப்புக்கு ஸைன்ஸ் எடுத்துவந்தார். பத்தாவதில் ஸைன்ஸ் என்றால் ஒரே பாடம், ஒரே பரீட்சை. மின்சாரம், அமிலம், மனித இதயத்தின் நான்கு அறைகள், எல்லாம் ஒரு புத்தகத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மூன்றையும் எடுக்கிறவர் இவர் ஒருவரே. நானோ சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருந்த ஒரு பி.யூ. கல்லூரியில், அதாவது பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கிறவர்களுக்கு, பிசிக்ஸ் லெக்சரர். அவரிடம் பத்தாவது முடித்த பிள்ளைகளில் ஸைன்ஸ் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஜூன் மாதம் எங்களிடம் வந்து சேருவார்கள். தனியாக வரமாட்டார்கள். அட்மிஷன் வரிசையில் ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய அப்பா அம்மாக்கள், எல்லாருக்கும் பின்னால் நெளிந்த குடை.

"உங்களுக்கு இங்க என்ன வேலை டீச்சர்?" என்பேன்.

"கேட் வரைக்கும் விட்டுட்டுப் போலாம்னு வந்தேன் சார்."

ஒரு வருடம் ஜூனில் அவரோடு வந்தவர்களில் ஒரு பெண் சுகன்யா. வீடு நீலசந்திராவில். அப்பா பெயின்ட் அடிக்கிறவர். ஸைன்ஸில் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்தாள். சொன்ன சொல் கேட்கிற பெண் என்பது அவள் உட்காரும் விதத்திலேயே தெரியும். பெஞ்சில் இருபது பேர் நெருக்கினாலும் அவள் முதுகு வளையாது. முதல் மாதாந்திரத் தேர்வில் அவளுக்கு நான் போட்ட மதிப்பெண் ஐம்பதுக்கு ஏழு.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"சுகன்யா உங்க கிளாஸ்தானே சார்?"

"ஆமா."

"ஏழு போட்டிருக்கீங்க."

"அவ எழுதினதுக்கு ஏழு. நானா போடல."

"என்கிட்ட தொண்ணூத்தி ரெண்டு வாங்கின பொண்ணு."

"அது பத்தாவது டீச்சர். இது பி.யூ.சி."

"அதைத்தான் கேக்கறேன். நடுவுல இருந்தது ரெண்டு மாச லீவு. ரெண்டு மாசத்துல மண்டை மாறிப்போச்சா?"

வருடா வருடம் நடப்பதுதான். பத்தாவதில் தொண்ணூறு வாங்கியவர்களில் பாதிப்பேர் எங்களிடம் முதல் தேர்வில் விழுவார்கள். நாலில் ஒருவர் காமர்ஸுக்கு மாறிப் போவார். எண்ணிக்கை என்னிடம் இருந்தது, காரணம் இல்லை. என் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். டீச்சர் டம்ளரைத் தொடவில்லை.

"முதல் நாள் கிளாஸ்ல, பத்தாவதுல படிச்சதையெல்லாம் மறந்துடுங்கன்னு சொன்னீங்களாமே?"

"அது எல்லா லெக்சரரும் சொல்றதுதான். ஒரு பேச்சுக்கு."

"அவ நிஜமாவே மறக்கப் பார்த்திருக்கா சார். சொன்னா கேக்கற பொண்ணு."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் குரலில் கோபமே இல்லை. அந்த வருடம் அவருக்குக் கடைசி வருடம், மே மாதம் ஓய்வு. எதை மறக்கச் சொன்னேன் என்று அவர் திருப்பிக் கேட்காமல் இருந்ததே எனக்குச் சங்கடமாக இருந்தது.

விஷயம் இதுதான். சுகன்யாவைக் காமர்ஸுக்கு மாற்ற அவள் அப்பா முடிவு செய்துவிட்டார். எங்கள் கல்லூரியில் முதல் தேர்வுக்கு அப்புறம் மாதக் கடைசி வரைக்கும் பிரிவு மாறிக்கொள்ள விடுவார்கள். அதற்குள் நான்கு சனிக்கிழமைகள் இருந்தன. டீச்சருடைய பள்ளிக்கூடம் சனிக்கிழமை அரை நாள், பதினொன்றரைக்கு விட்டுவிடும். என் வகுப்பு பன்னிரண்டிலிருந்து ஒன்று வரை.

"நான் கடைசி பெஞ்ச்ல உக்காந்துக்கறேன் சார். பேச மாட்டேன். அவ எந்த இடத்துல விழறான்னு கூட இருந்து பார்த்தாத்தான் தெரியும்."

"கிளாஸ்ல வெளியாளை உக்கார வெக்க முடியாதுங்க. பிரின்சிபால் ஒத்துக்க மாட்டார்."

பிரின்சிபால் ஒத்துக்கொண்டார். "பர்லி பிடி சார், நமகேனு?" என்று கன்னடத்தில் சிரித்தார். வரட்டும் விடுங்கள், நமக்கென்ன என்று அர்த்தம். அவருக்கு என்ன, கரும்பலகை முன்னால் நிற்கப்போவது நான்தானே. டீச்சர் என்னைச் சோதிக்க வருகிறார் என்றே எனக்குத் தோன்றியது. வெள்ளிக்கிழமை இரவு இரண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்தேன்.

முதல் சனிக்கிழமை வந்தார். குடையைச் சுவரில் சாய்த்து வைத்து, டிபன் பாக்ஸைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். இன்ஸ்பெக்ஷன் என்று நினைத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரமும் அவர் தலையை ஆட்டவே இல்லை. என் வகுப்பில் அறுபத்து நான்கு தலைகள், எல்லாம் ஆடும். புரிந்தாலும் ஆடும், புரியாவிட்டாலும் ஆடும். ஆடாத தலை ஒன்று கடைசி பெஞ்சில் இருந்தால் சாக்பீஸ் பிடித்த கை வேர்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மணி அடித்ததும் கேட்டேன். "புரிஞ்சுதா டீச்சர்?"

"இல்ல சார்."

"எதுவுமேவா?"

"முதல் பத்து நிமிஷம் வந்தேன். அப்புறம் நீங்க ஒரு எழுத்தைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டீங்க. நான் இந்தப் பக்கமே நின்னுட்டேன்." அதைச் சொல்வதில் அவருக்கு வெட்கமே இல்லை. அவர் பட்டத்துக்குப் படித்தது கெமிஸ்ட்ரி, பாட்டனி, ஜுவாலஜி, பிசிக்ஸைப் பி.யூ.சி.யோடு விட்டவர். "இன்னொண்ணு சார். என்கிட்ட ஒரே புக்கு, ஒரே டீச்சர். இங்க வந்தா நாலு பேரு, நாலு புக்கு. அந்த நாலு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கறதே இல்லையாமே?"

அது உண்மை. எனக்கும் கெமிஸ்ட்ரி லெக்சரருக்கும் ஸ்டாஃப் ரூம் ஃபேன் விஷயத்தில் பேச்சு நின்று போயிருந்தது. அது பிள்ளைகள் வரைக்கும் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது சனிக்கிழமை பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கல்லூரியும் இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து நீலசந்திராவுக்கு நடந்தே போய், சுகன்யாவின் அப்பாவைப் பார்த்துவிட்டு, நடந்தே திரும்பி வந்தார். எங்கள் வீட்டுத் தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பந்த் என்பதால் அந்த மனிதர் வீட்டில்தான் இருந்திருக்கிறார். கையில் வெள்ளைப் பெயின்ட் அப்படியே காய்ந்திருந்ததாம். அவர் சொன்னது இது:

"டீச்சர், நீங்க பெரியவங்க, நீங்க சொன்னா நான் மறுத்துப் பேசக்கூடாது. ஆனா ஒண்ணு சொல்றேன். பரீட்சை பேப்பர் வந்ததுலருந்து பொண்ணு சரியா சாப்புட மாட்டேங்குது. சோத்தைப் பெசைஞ்சு பெசைஞ்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுது. டாக்டராவட்டும், இல்ல கடையில பில்லு போடட்டும். எனக்கு அது சாப்புடணும். காமர்ஸ் எடுத்தா சாப்புடும்னா காமர்ஸ்."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

"நான் என்ன சொல்றது? அவர் சொன்னது நியாயம்தானே. இன்னும் ரெண்டு சனிக்கிழமை பொறுங்கன்னு மட்டும் கேட்டேன். சரின்னார். அப்புறம் என்னை மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவரைக் கொண்டுவந்து விடும் ஆள் ஒருவர் அன்றைக்கு அகப்பட்டார்.

மூன்றாவது சனிக்கிழமை நான் ஒரு கேள்வி போட்டேன். யூ என்கிற வேகத்தில் ஒரு கல்லை நேர் மேலே எறிகிறோம். எவ்வளவு உயரம் போகும்? இது கடினமானது இல்லை. இதற்கு வேண்டிய சூத்திரம் ஒன்பதாவதிலேயே வந்துவிடுகிறது. சுகன்யாவைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். வந்தாள். டீச்சர் பழக்கிவிட்டபடி இடது பக்கம் அழகாக 'தரப்பட்டவை' என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையை எழுதி, அடியில் கோடு போட்டாள். ஜி, ஒன்பது புள்ளி எட்டு. யூ என்று எழுதிச் சமக்குறி போட்டாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பத்து என்று எழுதினாள். எழுதியதும் கை சரசரவென்று ஓடியது. உயரம் ஐந்து புள்ளி ஒன்று மீட்டர். கீழே ஸ்கேல் வைத்தாற்போல இரண்டு கோடுகள்.

"யூ பத்துன்னு யார் சொன்னா?" என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல சார்."

"அப்புறம்?"

"நீங்க கொடுக்க மறந்துட்டீங்கன்னு நெனச்சேன் சார்."

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவருடைய குரல்.

"சார், நானும் பத்துதான் போட்டேன்."

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சர் எழுந்து நின்றார், பதில் சொல்லும் மாணவி மாதிரி. "பத்துன்னா ஸ்கொயர் பண்றது சுலபம். நான்தான் அவங்களுக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேன்." அப்புறம் சிரிப்பு வரவில்லை. சுகன்யா கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கியதைப் பார்த்தேன்.

அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டு வரை மூவரும் நடந்தோம். மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட மண்ணில் கால் வைக்க இடமில்லை. சுகன்யா ஓரடி பின்னால் வந்தாள்.

"எங்ககிட்ட எண் இல்லாம கேள்வியே முடியாது சார்," என்றார் டீச்சர். "எண்ணைப் போடு, கணக்கைப் போடு, கடைசியில ரெண்டு கோடு போடு. கோடு போட்டாத்தான் முடிஞ்சுதுன்னு அர்த்தம். உங்ககிட்ட எழுத்துலயே ஆரம்பிச்சு எழுத்துலயே நிக்குது. எங்க கோடு போடறதுன்னு தெரியாம நிக்கறா. நானும்தான்." நாலு எட்டு நடந்துவிட்டுக் கேட்டார். "யூன்னா யாரு சார்?"

"யாரா வேணா இருக்கலாம் டீச்சர். நீங்க மெதுவா எறிவீங்க, அது ஒரு யூ. இவ வேகமா எறிவா, அது ஒரு யூ. யார் எறிஞ்சாலும் அதுக்குள்ள அடங்கும்."

டீச்சர் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். டீச்சர் நகரவில்லை.

"அப்ப அந்த ஒரு வரி எல்லாருக்கும் சேர்த்துப் போட்ட விடையா?"

"ஆமா."

"என்ன சார் இது, இவ்வளவு நல்ல விஷயத்தை முதல் நாளே சொல்லியிருக்கலாமே! மறந்துடுங்கன்னு சொன்ன நேரத்துக்கு இதைச் சொல்லியிருக்கலாமே!" என்னைத் திட்டிவிட்டுத் திரும்பினார். "கேட்டியாடி? பத்து போட்டா ஒரு கல்லுக்குத்தான் விடை. போடாம விட்டா ஊருல இருக்கற கல்லுக்கெல்லாம் விடை."

சுகன்யா ஒரு மண்மேட்டைத் தாண்டி எங்கள் பக்கத்துக்கு வந்தாள். மெதுவாக, "அப்ப கோடு போடலாமா மிஸ்?" என்று கேட்டாள்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? சாரைக் கேளு."

போடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டவில்லை. அதைக் கவனித்தேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இதெல்லாம் நடப்பதற்கு மூன்று வருடம் முன்பு டீச்சருடைய கணவர் இறந்துபோனார். அடக்கம் ஓசூர் ரோடு கல்லறையில். ஜெபம் முடிந்தது, மண் போட்டார்கள், எல்லாரும் கலைந்தோம். கேட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் டீச்சரைக் காணோம். என் மனைவி என்னைத் திரும்ப அனுப்பினாள். குழி மூடிய இடத்தில், கால்மாட்டுப் பக்கம் அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். குடை கையில் இருந்தது. விரிக்கவில்லை, தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்த்து, ஏதோ சமாதானம் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"இதுக்கு மேல என்னை விட மாட்டாங்க சார். அதான் இங்கேயே நிக்கறேன்."

அவரைத் தெரிந்த இத்தனை வருடத்தில் அவர் யாரையும் விட்டுவிட்டுத் தானாகத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் நான்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

நான்காவது சனிக்கிழமை, மாதத்தின் கடைசி. சுகன்யாவின் அப்பா பதினொன்றரைக்கே வந்து வராந்தாவில் நின்றார். சலவைச் சட்டை, ஆனால் காது மடலில் ஒரு துளி பச்சைப் பெயின்ட். வகுப்பு முடிந்ததும் ஆபீஸுக்குப் போய் மாற்றி எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று வந்திருக்கிறார். டீச்சர் அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போனார். சுகன்யாவின் அப்பா வெளியே ஜன்னல் பக்கம் நின்றார்.

நான் வேறு கேள்வி போட்டேன். அதே கல், யூ வேகத்தில் மேலே போகிறது. கைக்குத் திரும்பி வர எவ்வளவு நேரம்? யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்குப் பயம். அவள் தப்பாகப் போட்டுவிட்டால் ஜன்னலில் நிற்கிற மனிதர் நேராக ஆபீஸுக்குப் போய்விடுவார். எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுகன்யா தானாக எழுந்து வந்தாள்.

'தரப்பட்டவை' எழுதினாள். பழக்கத்தை விடவில்லை, விட வேண்டியதும் இல்லை. அதன் கீழே யூ, ஜி என்று இரண்டு எழுத்துகள். சமக்குறி போடவில்லை. அடுத்த வரி எழுதினாள், அதற்கடுத்த வரி. ஓர் இடத்தில் தடுக்கி, அழித்து, மறுபடி எழுதினாள். கடைசி வரியில் டூ யூ பை ஜி என்று வந்தது. நின்றாள். சாக்பீஸ் பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அந்த இரண்டைத் தவிர ஓர் எண்ணும் இல்லாத விடை. அறுபத்து மூன்று பேரில் ஒருவரும் இருமவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சையும் பார்க்கவில்லை. குனிந்து ஒரு கோடு போட்டாள். எழுதியதை மேலிருந்து ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே இன்னொரு கோடு.

நான் நிமிர்ந்து கடைசி பெஞ்சைப் பார்த்தேன். காலி. சுவரில் குடை இல்லை. மணி அடிக்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

வகுப்பு முடிந்து வெளியே வந்தேன். சுகன்யா வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "மிஸ் எங்க சார்?"

"தெரியலம்மா."

கேட்டுக்கு ஓடினாள். கேட்டிலும் இல்லை. ஜூனில் அட்மிஷன் அன்றைக்கும், அப்புறம் இந்தச் சனிக்கிழமைகளிலும் அந்த கேட்டில் அவள் பார்த்துப் பழகிய குடை. கொஞ்ச நேரம் நின்று தெருவைப் பார்த்தாள். அவள் அப்பா என் பக்கம் வந்தார்.

"சார், எனக்கு ஒண்ணும் புரியல. போட்டுச்சா பொண்ணு?"

"போட்டுட்டா."

"நல்லாவா?"

"நல்லா."

அவர் ஆபீஸ் இருக்கும் திசையைப் பார்த்தார். அப்புறம் மகளைப் பார்த்தார். "வா, ஏதாச்சும் சாப்புடலாம்," என்றார். எதிரில் இருந்த பேக்கரிக்குப் போனார்கள். நானும் ஏதோ வாங்கப் போகிறவன் மாதிரிப் பின்னாலேயே போனேன். அவள் தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் வைத்த தில்பசந்த் ஒன்று தின்றாள். அப்புறம் ஒரு தேங்காய்ப் பன். அப்பா தன்னுடையதில் பாதியைக் கிள்ளி வைத்தார், அதையும் தின்றாள். ஆக இரண்டரை. இதுவரை நான் எண்ணியதிலேயே எனக்குப் பிடித்த எண்ணிக்கை அதுதான்.

சுகன்யா ஸைன்ஸிலேயே இருந்தாள். தடுமாறினாள், ட்யூஷன் போனாள், இரண்டாம் வருடம் தேறினாள். எவ்வளவு வாங்கினாள் என்பது அவளுடையது, நான் சொல்ல மாட்டேன். அடுத்த ஜூனிலிருந்து முதல் நாள் வகுப்பில் நான் யாரையும் எதையும் மறக்கச் சொல்லவில்லை. கெமிஸ்ட்ரிக்காரரோடு பேச மட்டும் இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று.

அந்த நான்காவது சனிக்கிழமை சாயங்காலம் பால் வாங்கிக்கொண்டு திரும்பும்போது தெருவில் டீச்சரைப் பார்த்தேன். குடையை ஊன்றி முக்கில் நின்றுகொண்டிருந்தார்.

"எங்க போயிட்டீங்க? பொண்ணு கேட்டுல நின்னு தேடிச்சு."

"தேடியிருப்பா சார். பஸ் ஸ்டாண்டுல ஒரு கம்பத்துக்குப் பின்னால நின்னு பார்த்தேன். அப்பாவோட பேசிக்கிட்டே போனா."

"ஒரு பத்து நிமிஷம் இருந்துட்டு வந்திருக்கலாமே. அவ கோடு போட்டதைப் பார்த்தீங்களா?"

"முதல் கோடு பார்த்தேன்." கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். "ரெண்டாவது கோடு அவ போட்டுப்பா. முக்கு வந்துடுச்சு சார். நான் திரும்பிட்டேன்."

பால் பாக்கெட் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. "சரி டீச்சர், வரேன்," என்று நடந்தேன். நாலு கேட்டு தாண்டிய பிறகுதான் பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் என்னோடு பேசிக்கொண்டே எங்கள் வாசல் வரைக்கும் வந்து, என்னை உள்ளே விட்டுவிட்டுத்தான் போனார்.